லாபம், ரெண்டு, மூண்டு: வாசகர் கேள்வி பதில்

வில்லன் ஒருவன் தன்னைச் சிறுவயதிலிருந்து அறிந்த ஒருவரை நேருக்கு நேர் சந்திக்கும் காட்சியைப் போல எழுதுவதற்குக் கடினமான காட்சி நாடகத்தில் வேறில்லை என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆகவே இவ்விதழின் பக்கங்கள் முழுவதும் அதற்கே. வேறு விடயங்களைக் கேட்டு எழுதியவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கேள்வி (வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி): நான் எழுதிய ஓரங்க நாடகத்தை எங்கள் குழு அடுத்த மாதம் மேடையேற்றவிருக்கிறது. கதை இதுதான். 1983 ஆடிக் கலவரத்தின்போது, புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் அரிசி மொத்த வியாபாரக் கடையொன்றின் கணக்கப்பிள்ளை, கடைக்குத் தீ வைக்கப்படுவதற்குச் சற்று முன்னர், பெட்டியில் இருந்த பணத்தையும் நகைகளையும் ஒரு துணிப்பையில் கட்டி, சிங்களம் நன்றாகப் பேசக்கூடிய பதினேழு வயதுக் கடைப்பையனிடம் கொடுத்துப் பின்பக்கச் சந்தால் அனுப்பிவிடுகிறார். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமில் சந்திப்பதாக ஏற்பாடு. பையன் வரவேயில்லை. கணக்கப்பிள்ளை வெறுங்கையோடு கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போகிறார். இன்று அந்தப் பையன் பெரிய வட்டிக்காரர். அடியாட்களோடு நடமாடும் முதலாளி. வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டைக் கடனுக்காகப் பறிக்க வருகிறார். அந்த வீட்டின் மூலையில் சாய்மனைக் கதிரையில் கிடப்பவர், மகளோடு வந்து தங்கியிருக்கும் அதே கணக்கப்பிள்ளை. எழுத்துப்பிரதியை இணைத்திருக்கிறேன். "காட்சி கொஞ்சமும் பயமுறுத்தவில்லை" என்கிறார் எங்கள் நெறியாளர். எங்கே பிழைத்தது?

பதில்: பிரதியை இரண்டு தடவை படித்தேன். உங்கள் நெறியாளர் சொன்னது சரிதான். உங்கள் முதலாளி நான்கு அடியாட்களோடு நுழைகிறார், மேசையில் குத்துகிறார், "என் பெயரைச் சொன்னால் கொழும்பே நடுங்கும்" என்கிறார், சிரிக்கிறார். ஆனால் அந்த அறையில் அவர் ஒருவருக்கும் பயப்படவில்லை. அதனால்தான் பார்ப்பவருக்கும் பயம் வரவில்லை. தன்னைப் பார்த்து ஊரே நடுங்குகிறது என்று சொல்லிக்கொள்ளும் மனிதர் மேடையில் ஒரு விளம்பரப் பலகைக்குச் சமம். இரண்டாவது நிமிடத்திலேயே கண்ணுக்குப் பழகிவிடுவார். அவர் சிறுவனாக இருந்ததைப் பார்த்த ஒருவர் உயிரோடிருக்கிறார் என்ற செய்தி அவர் முகத்தில் விழும் நொடியிலிருந்துதான் அவர் எதுவும் செய்யக்கூடியவர் ஆகிறார். மூலையில் அகப்பட்ட பூனையை அறிந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி ஒரு நல்ல செய்தி. நீங்கள் தேடும் காட்சி உங்கள் பிரதியிலேயே இருக்கிறது. ஒன்பதாம் பக்கத்தில் நீங்களே அதைத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். வீட்டார் புரட்டிச் சேர்த்துக் கொடுக்கும் பணக்கட்டுகளை முதலாளி எண்ணும்போது "லாபம், ரெண்டு, மூண்டு" என்று எண்ணுவதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் யாரோ அப்படி எண்ணக் கேட்ட பழக்கத்தில் கை தானாக எழுதியிருக்க வேண்டும். நம்முடைய தானிய வியாபாரிகள் அளக்கும்போது முதற்படியை "ஒன்று" என்று சொல்வதில்லை, "லாபம்" என்று சொல்லித்தான் தொடங்குவார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அரிசிக் கடையில் அந்தப் பையனுக்கு எண்ணப் பழக்கியவர் யார்? மூலையில் கண்ணை மூடிக் கிடக்கும் அந்தக் கணக்கப்பிள்ளைதானே! அடையாளம் காண்பதற்கு மச்சமொன்றும் வேண்டாம், பழைய புகைப்படமும் வேண்டாம், "நீ... நீயா?" என்ற திடுக்கிடலும் வேண்டாம். காது போதும்.

நான் எழுதுவதாக இருந்தால் அந்த இடத்தை ஏறத்தாழ இப்படி எழுதுவேன். இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அளவு பார்ப்பதற்காக மட்டும் தருகிறேன்.

முதலாளி (கட்டுகளை எடுத்து வைத்தபடி): லாபம்... ரெண்டு... மூண்டு...
பெரியவர் (கண் திறவாமல்): நாலாவது கட்டைத் திருப்பி எண்ணு. எச்சில் தொட்டு எண்ணினா ரெண்டு தாள் ஒட்டுமெண்டு எத்தினை தரம் சொன்னனான்.
(முதலாளியின் கை நிற்கிறது. நீண்ட மௌனம்.)
முதலாளி: ஐயா... நீங்கள் இன்னும் இருக்கிறீங்களோ?
பெரியவர்: இருக்கிறன் தம்பி. சாப்பிட்டனியோ?
முதலாளி (வாசலில் நிற்கும் ஆளிடம்): நீ கீழ போய் நில்.
பெரியவர்: பொடியன் நிக்கட்டுமேன். அவனும் பழகட்டும்.
முதலாளி: என்னத்தைப் பழக?
பெரியவர்: எண்ண.
(முதலாளி ஒரு கதிரையை இழுத்து, பெரியவருக்கு எதிரே போட்டு, முதன்முறையாக உட்காருகிறார்.)
முதலாளி: ஐயா, இந்த வீட்டில எல்லாமா எத்தினை பேர் இருக்கிறீங்கள்?

கடைசி வரியைக் கவனியுங்கள். அதில் வசவில்லை, மிரட்டலில்லை. குடிசன மதிப்பீட்டுக்கு வந்த உத்தியோகத்தர் கேட்கும் கேள்விதான். அதற்கு முன் நடந்த பத்து வரிகளால்தான் அது வயிற்றைப் பிசைகிறது.

மூன்று விடயங்களைத் தனியே சொல்ல வேண்டும். முதலாவது, மரியாதைச் சொற்கள். நம் பேச்சில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படிகள் இருக்கின்றன. தமிழில் வில்லனை எழுதுபவனுக்கு இதைவிடக் கூரான ஆயுதம் கிடைக்காது. உங்கள் பிரதியில் முதலாளி எல்லோரையும் "நீ" என்றே பேசுகிறார். எல்லோரையும் "நீ" என்பவருக்கு இறங்குவதற்குப் படியே இல்லாமற் போய்விடுகிறது. கடன்பட்ட மருமகனோடு அவர் "நீர்" என்று பேசட்டும்: "நீர் போன மாதமும் இதைத்தான் சொன்னீர்." மரியாதை போலவும் இருக்கும், ஆளைத் தள்ளி நிறுத்துவது போலவும் இருக்கும். பெரியவரோடு கடைசிவரை "நீங்கள்" என்பதிலிருந்து இறங்கவே கூடாது. கடைப்பையனின் நாக்கு அந்த மனிதர் முன்னால் வேறொன்றுக்குத் திரும்பாது. அந்த மரியாதையை வைத்துக்கொண்டே அவர் அந்த வீட்டை எரிக்கவும் கூடும் என்று தெரியும்போதுதான் நமக்குக் குளிரெடுக்கிறது. மறுபுறம், ஊரெல்லாம் "முதலாளி" என்று அழைக்கும் ஒருவரைப் பெரியவர் ஒருவர்தான் "தம்பி" என்கிறார். அதை அவர் துணிச்சலுக்காகச் சொல்லவில்லை. அவருக்கு வேறு சொல் தெரியாது. நடிகர் அந்தச் சொல்லில் அழுத்தம் கொடுத்தால் காட்சி அந்த இடத்திலேயே செத்துவிடும்.

இரண்டாவது, கால். முதலாளி சப்பாத்தோடு வீட்டுக்குள் வருவதாக எழுதியிருக்கிறீர்கள்; நல்லது. அடியாட்களும் சப்பாத்தோடு வரட்டும். பெரியவரின் குரலைக் கேட்ட பிறகு, பேசிக்கொண்டே, தான் செய்வது தனக்கே தெரியாமல், ஒரு காலால் மற்றக் காலின் சப்பாத்தைக் கழற்றி ஓரமாகத் தள்ளட்டும். ஒருவரும் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. பின்னிருக்கையில் இருப்பவர்களுக்குத் தெரியாமற் போகலாம். முன்வரிசையில் இருக்கும் நான்கு கிழவிகளுக்குக் கட்டாயம் தெரியும், அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவார்கள். உட்காருவதும் இதைப் போன்றதே. கணக்கப்பிள்ளையின் மேசைக்கு முன்னால் கடைப்பையன் ஒருநாளும் உட்கார்ந்திருக்க மாட்டான். ஆகவே கதிரை இழுபடும் அந்த நொடி இந்த நாடகத்தின் உச்சம். அதுவரை எந்தக் கதிரையும் அசையக் கூடாது.

மூன்றாவது, அந்த நீண்ட உரை. 1983 இல் நடந்ததைப் பெரியவர் மூன்று பக்கத்துக்குச் சொல்கிறார். நன்றாக எழுதியிருக்கிறீர்கள், தெருக்களின் பெயர்களும் புகையும் சுமை தூக்கும் நாட்டாமிமார் மூட்டைகளை விட்டுவிட்டு ஓடிய விதமும் கண்முன் நிற்கின்றன. ஆயினும் அது இருக்கும் இடம் பிழை. முதலாளிக்குத் தெரிந்த கதையை முதலாளிக்கே சொல்வது வழக்கறிஞர் வேலை. அதை முதற்காட்சிக்குக் கொண்டுபோய், மகள் தன் பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டே "உங்கட அம்மப்பா ஒரு பையைக் குடுத்தவர்" என்று அரைப்பக்கத்தில் சொல்லும்படி செய்யுங்கள். அப்போது "லாபம்" என்ற சொல் விழுந்ததும் அரங்கில் இருப்பவர்கள் பெரியவரோடு சேர்ந்து அவரை அடையாளம் கண்டுவிடுவார்கள். முதலாளிக்கு மட்டும் இன்னும் ஒரு நொடி தெரியாது. அந்த ஒரு நொடிக்காகத்தான் சனம் டிக்கெட் வாங்குகிறது.

கேள்வி (கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகர்): வில்லன் என்றால் ஓர் அட்டகாசச் சிரிப்பு வேண்டாமா? பி. எஸ். வீரப்பாவின் சிரிப்பைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

பதில்: நானும்தான். அந்தச் சிரிப்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த வகைச் சிரிப்புக்கு ஒரு தேவை இருந்தது. ஒலிவாங்கி இல்லாத காலத்து மேடையிலும், நான்கு புறமும் சனம் சூழ்ந்திருக்கும் எங்கள் மட்டக்களப்புக் கூத்தின் வட்டக்களரியிலும், மத்தளத்துக்கும் சல்லரிக்கும் மேலாகக் கேட்க வேண்டுமானால் கொடியவன் பெரிதாகத்தான் சிரிக்க வேண்டும். பாத்திரம் முதன்முதலில் களரிக்கு வரும் வரவு ஆட்டத்திலேயே இவன் இன்னான் என்று கடைசி ஆள் வரைக்கும் தெரிந்தாக வேண்டும் அல்லவா? இருநூறு பேர் இருக்கும் மண்டபத்தில், சட்டையில் குத்திய ஒலிவாங்கியோடு அதே சிரிப்பைச் சிரித்தால் பிள்ளைகள்தான் அழுவார்கள். வில்லன் சிரிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. யார் முதலில் சிரிக்கிறார், யார் கடைசியில் சிரிக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள் என்கிறேன். அதற்கு அடுத்த பதிலில் ஓர் உதாரணம் இருக்கிறது.

கேள்வி (தெஹிவளையிலிருந்து ஓர் ஆசிரியை): தமிழ்த்தினப் போட்டிக்கு மாணவர்களைக் கொண்டு ஒரு நாடகம் தயாரிக்கிறேன். நீங்கள் சொல்லும் வகைச் சந்திப்பு நம் பழைய இலக்கியத்தில் உண்டா? சினிமாவிலிருந்து எடுக்க விருப்பமில்லை.

பதில்: இருக்கிறது, அதுவும் நம் தீவிலேயே நடப்பதாக. கம்பராமாயணத்து யுத்த காண்டத்தில் அங்கதன் தூதுப் படலத்தை எடுங்கள். போருக்கு முன் கடைசி முறையாக இராமன் அங்கதனை இராவணனிடம் தூதனுப்புகிறான் என்ற அளவில் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். இராவணனின் பக்கத்திலிருந்து அந்தச் சபையைப் பார்க்க யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

அங்கதன் வாலியின் மகன். வாலி யார்? உலகத்தையெல்லாம் வென்ற இராவணனை ஒருகாலத்தில் தன் வாலில் கட்டிக்கொண்டு மலைக்கு மலை தாவியவன். வான்மீகத்தின் உத்தர காண்டத்தில் அவன் இராவணனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடலுக்குக் கடல் போய்ச் சந்தியாவந்தனம் செய்கிறான், கம்பனில் வால். பின்னர் இருவரும் நண்பர்களாகிறார்கள். எப்படியாயினும், இராவணனின் வாழ்க்கையில் அவன் மறக்க விரும்பும் ஒரு நாள் உண்டென்றால் அது அந்த நாள்தான். அந்த நாளின் மகன் இப்போது சபை நடுவே வந்து நிற்கிறான்.

இராவணன் அது தெரியாமல் தொடங்குகிறான். வந்த நீ யார், என்ன காரியம், இவர்கள் உன்னைக் கொன்று தின்பதற்கு முன்னே சொல் என்கிறான். வந்தவன் இராமனின் தூதன் என்று தெரிந்ததும், குரங்குகளைக் கூட்டிக் கடலில் அணை கட்டியவனா உலக நாயகன் என்று சிரிக்கிறான். இதுவரை நம் கொட்டாஞ்சேனை வாசகர் கேட்ட அதே வில்லன்தான். பிறகு, நீதான் யார் என்று கேட்கிறான். அப்போது அங்கதன் சொல்லும் விடையில் "பண்டு, ஓர் இராவணன் என்பான்" என்று மூன்றாம் ஆளைச் சொல்வது போல வருகிறது. முன்னொரு காலத்தில் இராவணன் என்று ஒருவன் இருந்தானாம், அவனைத் தோள்களோடு சேர்த்து வாலில் தொங்கக் கட்டித் திரிந்தானே ஒருவன், அவன் மகன் நான் என்கிறான். "உன்னை" என்று சொல்லியிருந்தால் அது வசையாகப் போயிருக்கும். எதிரே சிம்மாசனத்தில் இருப்பவனிடமே "இராவணன் என்று ஒருவன்" என்று சொல்லும்போது, அந்தப் பழைய ஆளுக்கும் இந்த அரசனுக்கும் சம்பந்தமே இல்லாதது போல ஆகிவிடுகிறது. சபையில் இருந்த எல்லோருக்கும் சம்பந்தம் தெரியும். மேலே வெள்ளவத்தை வாசகிக்கு நான் "நீ, நீர், நீங்கள்" என்று எழுதியதை எங்கிருந்து கற்றேன் என்று கேட்டால் இந்த ஓர் இடத்தைத்தான் காட்டுவேன்.

அதற்கு இராவணன் என்ன செய்கிறான் என்பதுதான் இந்தப் படலத்தின் உயிர். அவன் கோபிக்கவில்லை. உன் தந்தை என் நண்பன் அல்லவா என்கிறான். "என் மகனே" என்கிறான். வானர அரசை நானே உனக்குத் தருகிறேன் என்கிறான். தகப்பனைக் கொன்றவனுக்குப் பின்னே தலை குனிந்து திரிந்தாய் என்ற பழியும் உனக்குத் தீர்ந்தது, சீதையைப் பெற்றேன், உன்னை மகனாகவும் பெற்றேன், இனி எனக்கு எது அரியது என்று மகிழ்கிறான். தன் அவமானத்தைக் கண்ட சாட்சி வீட்டுக்குள் வந்துவிட்டால், சாட்சியைக் கொல்வதற்கு முன் தத்தெடுக்கப் பார்ப்பவன்தான் உண்மையிலேயே அபாயமானவன். வான்மீகத்தில் இந்த ஆசை வார்த்தை கிடையாது. தூதன் செய்தி சொல்கிறான், பிடியுங்கள் என்று கட்டளை பிறக்கிறது, அவ்வளவுதான். கம்பன் இதைச் சேர்த்தது, பத்துத் தலையும் இருபது கையும் செய்ய முடியாததை ஓர் உறவுச்சொல் செய்யும் என்று அறிந்ததால்தான் என்பது என் அபிப்பிராயம்.

அங்கதன் என்ன செய்கிறான்? நீ கொடுத்து நான் வாங்குவதா, நாய் கொடுக்கச் சிங்கம் அரசு வாங்குமா என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறான். சபை தொடங்கும்போது சிரித்தவன் இராவணன். முடியும்போது சிரிப்பவன் அங்கதன். இடையில் சிரிப்பு கைமாறிய இடம் எது என்று மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். சரியாகச் சொல்லும் பிள்ளைக்கு இராவணன் பாத்திரத்தைக் கொடுங்கள். ஒரே ஓர் எச்சரிக்கை: போட்டிக்கு வரும் இராவணன்கள் எல்லோரும் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே குரலில் உறுமுகிறார்கள். "என் மகனே" என்ற இடத்தில் உங்கள் மாணவன் உண்மையாகவே அன்பாகச் சொல்லட்டும். மீசையைத் தடவிக்கொண்டு நடுவர்களைப் பார்க்க வேண்டாம்.

கேள்வி (மட்டக்குளியிலிருந்து ஒரு வாசகர்): பழைய அறிமுகம் உள்ளவர்கள் சந்திக்கும்போது யார் வில்லன் என்பது எப்போதும் தெளிவாக இருக்க வேண்டுமா?

பதில்: மகாபாரதத்தில் துரோணரும் துருபதனும் எனக்கு நினைவுக்கு வருகிறார்கள். ஒன்றாகப் படித்த நண்பர்கள். வறுமையில் துரோணர் வந்து "நண்பா" என்கிறார். அரசனாகிவிட்ட துருபதன், அரசனுக்கும் அரசனல்லாதவனுக்கும் நட்பு ஏது என்று சபையில் கேட்டு அனுப்பிவிடுகிறான். இந்த இடத்தில் துருபதன்தான் கொடியவன். ஆண்டுகள் கழித்துத் துரோணர் தம் மாணவர்களிடம் குருதட்சிணையாகத் துருபதனையே கேட்கிறார். அர்ச்சுனன் பிடித்துவந்து முன்னே நிறுத்துகிறான். துரோணர் அடிக்கவில்லை, உதைக்கவில்லை. அரசனல்லாதவன் உன் நண்பனாக முடியாது என்றாய், ஆகவே உன் நாட்டில் பாதியை நான் வைத்துக்கொள்கிறேன், இனி நாம் சமம், நண்பர்களாக இருக்கலாம் என்கிறார். கங்கைக்கு வடக்கே அவருக்கு, தெற்கே இவனுக்கு. இத்தனை பண்பாக ஒரு மனிதனை அரைத்துப் போட்ட பேச்சு வேறெங்கும் இருக்கிறதா என்று தெரியவில்லை. இந்த இடத்தில் யார் கொடியவர்? துருபதன் வீட்டுக்குப் போய் வேள்வி செய்து, துரோணரைக் கொல்வதற்கென்றே ஒரு மகனைப் பெறுகிறான். எழுதுபவர் நீங்களானால், இரண்டு சந்திப்பில் எதை மேடையில் காட்டுவது, எதை வாய்ச்சொல்லாக விடுவது என்று தீர்மானியுங்கள். வில்லன் யாரென்பது அதோடு தீர்மானமாகிவிடும்.

கேள்வி (பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு மூத்த வாசகர்): இலங்கை வானொலி நாடகங்களில் முகமே தெரியாமல் எங்களைப் பயமுறுத்தினார்களே, அது எப்படி?

பதில்: சானா அவர்கள் தயாரித்த "லண்டன் கந்தையா" வானொலி நாடகக் காலத்து நேயர் நீங்கள் என்று எண்ணுகிறேன், வணக்கம். முகம் தெரியாததுதான் காரணம். கொடியவனின் முகத்தை நேயர் தமக்குத் தெரிந்த மிகப் பயங்கரமான முகத்திலிருந்து எடுத்துக்கொள்வார், நடிகருக்குச் செலவில்லை. நான் இளைஞனாக ஒலிப்பதிவுகளில் எடுபிடியாக நின்ற நாட்களில், ஒரு நாடகத்தில் பழைய கூட்டாளியைச் சந்திக்கும் கொடியவனுக்கு வசனம் மிகக் குறைவு. அவன் பாக்குவெட்டியால் பாக்குச் சீவும் சத்தத்தை ஒலிவாங்கிக்கு அருகில் நான் கொடுக்க வேண்டும். மற்றவர் பேசும்போது சீவல் சத்தம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும். "உன்ர பழைய பெயர் எனக்குத் தெரியும்" என்று அவர் சொன்னதும் சத்தம் நிற்கும். மறுபடி தொடங்கும்போது கொஞ்சம் மெதுவாக. இரண்டாம் ஒத்திகையில் என் விரல் நுனியும் பாக்கோடு போனது. தையல் போட்ட அடையாளம் இன்னும் இருக்கிறது. ஆனாலும் அந்த மெதுவான சீவலைவிடப் பயங்கரமான வசனத்தை நான் இன்றுவரை எழுதவில்லை.

கேள்வி (மருதானையிலிருந்து ஒரு வாசகர்): வில்லன் கையில் துப்பாக்கி இருக்க வேண்டுமா, கத்தியா?

பதில்: சாவிக்கொத்து. அதுவும் எதிரே இருப்பவரின் வீட்டுச் சாவியாக இருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி (கொள்ளுப்பிட்டியிலிருந்து ஒரு வாசகி): இப்படிப்பட்ட சந்திப்பின் முடிவில் வில்லன் மனம் திருந்தி அழுவதாக முடித்தால் என்ன? மக்களுக்கு அதுதானே நிறைவு?

பதில்: மக்கள் என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் நம்மைத்தான் சொல்கிறோம். திருந்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அழுவதில்தான். நாற்பது ஆண்டுகளாகத் தன்னை ஒரு கதையால் மூடி வைத்திருந்த மனிதன் ஐந்து நிமிடத்தில் அழுது முடித்துவிட்டால், அந்த நாற்பது ஆண்டும் பொய்யாகப் போய்விடும். இராவணன் அங்கதன் முன்னால் அழுதிருந்தால் நாம் அவனை இன்றைக்கு நினைத்திருக்கவே மாட்டோம்.

இத்துடன் வெள்ளவத்தை வாசகியின் கடிதத்தில் பின்குறிப்பாக இருந்த ஒன்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கடைசிக் காட்சியில் முதலாளி அந்தப் பழைய துணிப்பையைக் கொண்டுவந்து பெரியவரின் காலடியில் வைப்பதாக முடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பை எங்கே போனது என்று ஒருவருக்கும் தெரியாமல் இருக்கட்டும். பெரியவரும் அதைக் கேட்க வேண்டாம். அவர் கேட்காமலே இருப்பதைத் தாங்க முடியாமல் முதலாளி தானே ஒரு விலை சொல்லத் தொடங்கட்டும்: கடனைத் தள்ளுகிறேன், வீட்டை விடுகிறேன், உங்களுக்கு மாதாமாதம் இவ்வளவு தருகிறேன் என்று. பெரியவர் அத்தனையையும் கேட்டுவிட்டு, "நாலாவது கட்டை எண்ணினனியோ?" என்று கேட்கலாம். அதற்கு மேல் என்ன நடந்தது என்பதை அடியாளின் முகத்தில் காட்டி விளக்கை அணைத்துவிடுங்கள்.

ஒத்திகைக்கு அழைத்திருக்கிறீர்கள், சனிக்கிழமை மாலை வருகிறேன். மண்டபத்துக் கதிரைகளின் கால்களில் றப்பர் ஒட்டியிருப்பார்கள். முதலாளி இழுக்கும் அந்த ஒரு கதிரையின் றப்பரை மட்டும் கழற்றி வையுங்கள்.